சிறுநீரக நோயை அறிவது எப்படி?



பல்லில் சொத்தை விழுந்தால் அது இரவெல்லாம் நம்மை உறங்க விடாது. வயிற்றில் புண் இருந்தால் எரியும். இருதயத்துக்குச் செல்லும் இரத்தம் குறைந்தால் மார்பு இறுகும். சிறுநீரகம் இவற்றைப் போன்றதன்று. கல் உண்டாகிக் குழாயில் சிக்கினாலொழிய, அல்லது கிருமிகள் புகுந்து அழற்சி உண்டாக்கினாலொழிய, அது பெரும்பாலும் வலியால் தன் குறையை அறிவிப்பதில்லை. தன் ஆற்றலில் பாதியை இழந்த பின்னும் வாளா இருக்கும். ஆகவே சிறுநீரக நோயைக் கண்டறிவது என்பது, வாய் பேசாத ஒருவரிடம் வாக்குமூலம் வாங்குவது போன்ற வேலை.

அந்த வாக்குமூலத்தை மருத்துவர் எவ்வாறு வாங்குகிறார் என்பதே இன்றைய பேச்சின் பொருள். பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது நலம். சென்னைக்கு வடக்கே மணலி புதுநகர் என்ற குடியிருப்பு உண்டு. அதன் சுற்றுப்புறத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருக்கின்றன. கிழக்கே சென்றால் எண்ணூர்க் கழிமுகம். சாலையில் இரவும் பகலும் கொள்கலன் லாரிகள். மழை மிகுந்து கொசஸ்தலையாறு பெருகினால், வெள்ளம் வீதிக்குள் வந்துவிடும். 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் அவ்வூரார் இதை அனுபவித்தார்கள். அங்குள்ளவர்களுக்குக் கடும் நோய் வந்தால் நாடக்கூடிய பெரிய அரசாங்க மருத்துவமனை, இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவமனை. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தோடு தொடர்புடைய இடமாதலால், வட சென்னை முதியோர் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்கி வந்தனர்.

முதலில் உறுப்பின் தொழிலைச் சிறிது பார்ப்போம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும்படி அமைக்கப்பட்டது அது. அங்கே என்ன நடக்கிறது? நீரை மிகுந்த அழுத்தத்தோடு மெல்லிய சவ்வுகளின் ஊடே தள்ளுகிறார்கள். நன்னீர் ஒரு பக்கமும் உப்பு மிகுந்த கழிவுநீர் மறு பக்கமும் பிரிகின்றன. நம் சிறுநீரகத்தின் வேலையும் ஏறக்குறைய இத்தன்மையதே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டு உறுப்புக்களுக்கே செல்கிறது. அந்த இரத்தத்திலிருந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அவ்வளவும் வெளியேறினால் நம் கதி என்ன ஆவது? வடிந்த நீரில் ஏறத்தாழ முழுவதையும் சிறுநீரகமே மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழிவாக விடுகிறது.

குடிநீர் நிலையத்தில் நீர் வரத்து நின்றுபோனால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நீரைத் தள்ளும் விசை குறைந்திருக்கலாம், சவ்வு பழுதாகியிருக்கலாம், வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். சிறுநீரகம் செயலிழக்கும்போதும் மருத்துவர் இம்மூன்றையே தேடுகிறார். வாந்தி பேதியாலோ, இரத்தப் போக்காலோ, கடும் வெயிலாலோ உடலின் நீர் வற்றி அழுத்தம் தாழ்ந்ததா? வடிகட்டியும் அதனை ஒட்டிய நுண்குழாய்களும் கெட்டனவா? அல்லது கல்லோ, முதியவரின் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமோ, பெண்களின் கருப்பை வாயில் தோன்றிய கட்டியோ வழியை அடைத்ததா? மூன்றாவது காரணத்தை ஒருபோதும் மறத்தலாகாது. ஏனெனில் அடைப்பை நீக்கினால் உறுப்பு பிழைத்துக்கொள்ளும். நாட்கணக்கில் விட்டுவிட்டால் பிழைப்பது அரிது. சிறுநீர் அடியோடு நின்றுவிட்ட ஒருவர் வந்தால், அனுபவமுள்ள மருத்துவர் எந்த யந்திரத்தையும் தேடுமுன் அவருடைய அடிவயிற்றைக் கையால் தொட்டுப் பார்ப்பார். சிறுநீர்ப்பை பானை போல் உப்பியிருந்தால், ஒரு ரப்பர்க் குழாயைச் செலுத்தியதும் பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

இனி, பரிசோதனைகளுள் மிகப் பழையதும் மிக மலிவானதுமான ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டன் மாநகரில் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவர் இருந்தார். உடல் வீங்கி வரும் நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து, மெழுகுவர்த்தியின் சுடரில் காய்ச்சிப் பார்ப்பது அவர் வழக்கம். சிலருடைய சிறுநீர், முட்டையின் வெண்கரு போலத் திரிந்து வெண்மையாயிற்று. அவ்வாறு திரிந்தவர்கள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் கெட்டிருக்கக் கண்டார். 1827-ஆம் ஆண்டில் இதை நூலாக வெளியிட்டார். ஒரு கரண்டியும் ஒரு சுடரும் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத உறுப்பின் நோயை உயிரோடிருக்கும்போதே அறிய முடியும் என்று அவர் காட்டியது, மருத்துவ வரலாற்றில் பெருஞ்செயல் என்றே நான் கருதுகிறேன்.

நல்ல வடிகட்டி, இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தை வெளியே விடாது. வடிகட்டி சிதைந்தால் அது கசியும். இன்று கரண்டிக்குப் பதிலாக, நிறம் மாறும் ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைக்கிறார்கள். மிக நுண்ணிய கசிவை அறிய ஆய்வுக்கூடத்தில் அல்புமினை அளக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இக்கசிவு தலை காட்டக்கூடும்.

உங்கள் பள்ளி வேதியியல் கூடத்தில் பெனடிக்ட் கரைசலைக் கண்டிருப்பீர்கள். சர்க்கரை இருந்தால் நீலம் மாறிச் செங்கல் நிறமாகும். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் புரதத்தைக் கலங்கலாகக் காட்டிவிடும். இவ்விரண்டையும் இரத்த அழுத்தமானியையும் கருவிகளாகக் கொண்டு, சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி அவர்களின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அண்மையிலுள்ள கிராமங்களில் ஏறத்தாழ 25,000 மக்களைப் பரிசோதிக்கும் வேலையை நடத்திற்று. வீடுவீடாகச் சென்று அதைச் செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களே. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வாறு கண்டு, விலை மலிந்த மருந்துகளால் கட்டுப்படுத்தினார்கள்.

இப்போது மருத்துவமனைப் படுக்கைக்கு வருவோம். வெள்ளம் வடிந்து பத்து நாள் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலி புதுநகரிலிருந்து ஓர் ஒப்பந்தத் தொழிலாளியைக் கொண்டு வருகிறார்கள். நாற்பது வயது. ஐந்து நாளாகக் காய்ச்சல். கண்கள் சிவந்திருக்கின்றன, அவற்றில் மஞ்சளும் படர்ந்திருக்கிறது. கெண்டைக்காலை அழுத்தினால் அலறுகிறார். நேற்று முதல் சிறுநீர் குறைந்துவிட்டது. இரத்தத்தில் கிரியாட்டினின் 5 மில்லிகிராம். தசைகளிலிருந்து நாள்தோறும் உண்டாகிச் சிறுநீரில் வெளியேறும் கழிவுப் பொருள் இது. வெளியேற வழியில்லாதபோது இரத்தத்தில் தேங்கும். இதை அளப்பதற்குரிய வழியை மாக்ஸ் யாஃபே என்பவர் 1886-இல் கண்டார். பிக்ரிக் அமிலத்தோடு காரத்தைச் சேர்த்தால் கிரியாட்டினின் செம்மஞ்சள் நிறம் காட்டும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கிரியாட்டினின். இயல்பான அளவு, ஆண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் சுமார் 0.7 முதல் 1.2 மில்லிகிராம் வரை. பெண்களுக்குச் சற்றுக் குறைவு.

ஐந்து என்ற எண்ணைக் கண்டதும் மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி எது? 'இது புதியதா, பழையதா?' என்பதே. எண் ஒன்றாயிருக்கலாம், விதி இரண்டு. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கெட்டு இன்று ஐந்தைத் தொட்ட சிறுநீரகம் திரும்புவதில்லை. ஐந்து நாளில் கெட்டு ஐந்தைத் தொட்டது முழுவதும் திரும்பிவிடக்கூடும். புதியதைப் பழையது என்று எண்ணிக் கைவிட்டால் ஓர் உயிர் வீணாகிறது. பழையதைப் புதியது என்று நம்பிக் காத்திருந்தால், அந்தக் குடும்பம் அடுத்த கட்டத்துக்கு ஆயத்தமாக வேண்டிய காலம் வீணாகிறது.

இக்கேள்விக்கு விடை பெரும்பாலும் யந்திரத்தில் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் ஆலையிலோ, சுகாதார நிலையத்திலோ எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு நோயாளியின் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தால், அதுவே ஆயிரம் ஸ்கேனுக்குச் சமம். அதில் 0.9 என்றிருந்தால் நோய் புதியது. மனைவியிடம் மருத்துவர் கேட்பார்: இரவில் பல முறை எழுந்து சிறுநீர் கழிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டா? முகம் வீங்கியதுண்டா? சர்க்கரையோ, இரத்த அழுத்தமோ உண்டா? பிறகு அல்ட்ராசவுண்டு ஸ்கேன். வளர்ந்தவரின் சிறுநீரகம் ஏறக்குறைய 9 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சுருங்கிச் சிறுத்திருந்தால் நோய் பழையது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நீரிழிவால் கெட்ட சிறுநீரகம், பழையதாயினும் பருமன் குறையாமல் இருக்கக்கூடும். இரத்த சோகை பழைய நோயில் பெரும்பாலும் காணப்படும். ஆயினும் நம் நாட்டில் இரத்த சோகைக்குச் சிறுநீரகம்தான் காரணமாக வேண்டும் என்பதில்லை. எந்த ஒரு சான்றும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை.

நம் தொழிலாளிக்கு ஸ்கேனில் சிறுநீரகங்கள் நல்ல பருமனோடு இருக்கின்றன. குழாயில் அடைப்பு இல்லை. வெள்ளநீரில் செருப்பின்றி நடந்தார் என்கிறார்கள். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு, பித்தநிறமி மிகுதி. மருத்துவரின் மனம் எலிக்காய்ச்சலை நோக்கிச் செல்கிறது. எலியின் சிறுநீரில் வெளிப்படும் லெப்டோஸ்பைரா என்ற திருகுக் கிருமி, தேங்கிய நீரில் கலந்து, காலின் வெடிப்பிலும் கீறலிலும் புகுந்துவிடுகிறது. இது சென்னைக்குப் புதிய செய்தியன்று. சென்னை நகரில் எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும் விதத்தைப் பற்றி, சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் முத்துசேதுபதியும் உடனுழைத்தவர்களும் 1994-இல் தங்கள் அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இரத்தத்தில் இக்கிருமிக்கு எதிரான பொருளைத் தேடும் சோதனை, நோயின் முதல் நாட்களில் பொய்யாகவும் 'இல்லை' என்று சொல்லும். ஆகவே விடை வரும்வரை காத்திராமல் பெனிசிலினைத் தொடங்கிவிடுவார்கள். தேவையானால் சில நாள் டயாலிசிஸ். நேரத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது.

படுக்கையிலிருக்கும் இந்நோயாளிக்கு நாள்தோறும் செய்யும் சோதனைகளுள் பொட்டாசியத்தை அளப்பது தலையாயது. அது மிகுந்தால் இருதயம் திடீரென நின்றுவிடும். இருதய மின்வரைபடத்தில் கூர்மையாக உயர்ந்த அலைகள் அதை முன்கூட்டியே அறிவிக்கும். எலிக்காய்ச்சலில் மட்டும் பல சமயம் பொட்டாசியம் உயராமல் இருப்பது ஒரு விந்தை. அடுத்தது, சிறுநீரை அளத்தல். அறுபது கிலோ எடையுள்ளவர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைவாகப் பல மணி நேரம் கழித்தால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். இதற்கு வேண்டுவது கோடிட்ட ஒரு குடுவையும், மணிதோறும் குறித்து வைக்கும் பொறுமையுமே. இரவுப் பணியிலிருக்கும் செவிலியர் குறித்து வைக்கும் அந்தச் சிறிய எண்களை நம்பித்தான் காலையில் பெரிய மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

சிறுநீரைச் சுழற்றி, அடியில் படிந்த வண்டலை நுண்ணோக்கியில் பார்ப்பதும் அரிய கலை. நுண்குழாய்களில் படிந்து வார்ப்பாகி வெளிவரும் துண்டுகள் அங்கே தெரியும். சேறு போன்ற பழுப்பு வார்ப்புகள், நுண்குழாய்கள் மடிந்ததைச் சொல்லும். சிவப்பணுக்கள் பதிந்த வார்ப்புகள், வடிகட்டியிலேயே அழற்சி என்று சொல்லும். நீர் வற்றியதால் மட்டும் வந்த கோளாறாயின், வண்டல் ஏறக்குறையத் தூய்மையாயிருக்கும். சிறுநீர் அடர்ந்து, அதில் சோடியம் மிகக் குறைவாயிருக்கும். உடலிலுள்ள உப்பைச் சிறுநீரகம் இறுகப் பற்றிக்கொள்வதே காரணம். அத்தகையவருக்கு நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினால் சிறுநீர் பெருகும். இந்த வண்டலைப் பொறுமையாகப் பார்க்கும் கண்கள் அருகி வருகின்றனவோ என்ற கவலை எனக்கு உண்டு.

கேள்விகளுள் மற்றொன்று, 'என்ன மருந்து உட்கொண்டீர்?' என்பது. மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளுள் சில, நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் நடந்ததை நாடே அறியும். இருமலுக்கு மருந்து குடித்த சிறு குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அதில் டை எதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. இதே நஞ்சு 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஒரே ஊரில் ஒரே சமயத்தில் பல குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றால், நோயைத் தேடுவதோடு மருந்துப் புட்டியையும் தேட வேண்டும்.

இனி, பழைய நோயைப் பார்ப்போம். இது சத்தமின்றி வளர்வது. கிரியாட்டினின் 1.2 என்று இருவருக்குச் சீட்டு வருகிறது. ஒருவர் துறைமுகத்தில் சுமை தூக்கும் 22 வயது இளைஞர். மற்றவர் 70 வயதுப் பாட்டி. இருவர் சீட்டிலும் ஒரே எண். இளைஞருக்குத் தசை மிகுதி. ஆகவே கிரியாட்டினினும் மிகுதியாக உண்டாகிறது. பாட்டிக்குத் தசை குறைவு. வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், இளைஞரின் வடிகட்டும் ஆற்றல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 88 மில்லிலிட்டர், பாட்டியினுடையது 49. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். பதினைந்துக்குக் கீழே இறங்கினால் டயாலிசிசோ, மாற்றுச் சிறுநீரகமோ பற்றி எண்ண வேண்டிவரும். மேலும், கிரியாட்டினின் ஒன்றிலிருந்து இரண்டாகும்போதே ஆற்றலில் பாதி போய்விடுகிறது. இரண்டிலிருந்து நான்காகும்போது மிஞ்சியதில் பாதி போகிறது. 'ஒன்று தானே கூடியிருக்கிறது' என்று முதற்படியை அலட்சியம் செய்கிறவர், பெரிய பகுதியை அங்கேயே இழந்துவிடுகிறார்.

கல்லடைப்பையும் நீர்க்கடுப்பையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அவை தாமே நோயாளியை மருத்துவரிடம் இழுத்து வந்துவிடும். ஆனால் வெப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொதிகலன் அருகிலும், உப்பளத்திலும், வெயிலில் காயும் இரும்புக் கொள்கலன் மேலும் உழைப்பவர் உடலிலிருந்து லிட்டர் லிட்டராக வியர்வை போகிறது. தமிழகத்து உப்பளத் தொழிலாளரையும் விவசாயத் தொழிலாளரையும் பரிசோதித்த அண்மைக்கால ஆய்வுகள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களிலும் சிறுநீரகம் நலிவதைக் கண்டு, வெப்பத்தின் மேல் ஐயம் கொண்டுள்ளன. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே கதை. கழிப்பிடம் இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள், வேண்டுமென்றே நீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அதை எந்த இரத்தப் பரிசோதனையும் சொல்லாது, கேட்டால்தான் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் காரணம் விளங்காமல் போனால், உறுப்பின் ஒரு துணுக்கையே எடுத்துப் பார்ப்பதுண்டு. இதற்குப் பயாப்சி என்று பெயர். நோயாளியை உட்காரவைத்து, முதுகுப் புறமாக ஊசியைச் செலுத்தி நூலிழை போன்ற ஒரு துண்டை எடுக்கும் முறையை, டென்மார்க்கில் ஐவர்சன், புருன் என்ற இருவர் 1951-இல் விளக்கி வெளியிட்டனர். இன்று ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே அதைச் செய்கிறார்கள். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, புரதம் ஏராளமாகக் கசியும் இளைஞருக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதை அந்த இழைதான் சொல்லும். இரத்தம் கசியும் அபாயம் சிறிதளவு உண்டாதலால், சுருங்கிப்போன பழைய சிறுநீரகத்தில் இதைச் செய்வது பெரும்பாலும் வீண் முயற்சி; அங்கே விடை தெரிந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை.

நம் மணலி புதுநகர்த் தொழிலாளியை மறந்துவிடவில்லை. மூன்றாம் வாரத்தில் அவருடைய கிரியாட்டினின் 1.3 ஆகக் குறைந்து வீடு செல்கிறார் என்று கொள்வோம். வலி இல்லை, சிறுநீர் நன்றாகப் போகிறது, வேலைக்குப் போகாவிட்டால் அன்றாடக் கூலி இல்லை. எனவே மூன்று மாதம் கழித்து வரச் சொன்ன சீட்டு பெட்டிக்குள் போய்விடும். ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் முழுவதும் தேறிற்றா, அல்லது மெல்லப் பழைய நோயாக மாறிற்றா என்பது அந்த மூன்றாம் மாதச் சோதனையில்தான் தெரியும். அதற்கு வேண்டுவன இரத்தம் ஒரு சிறிது, சிறுநீர் ஒரு குப்பி, இரத்த அழுத்தம் பார்க்கச் சில நிமிடம். உங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ அத்தகைய ஒருவர் இருந்தால், பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டிலுள்ள தேதியைப் படித்துச் சொல்லுங்கள். பழைய சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.